தனியாகக் கிடந்த வாளி

ஆம்பூரில் எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஒரு பெயிண்ட் வாளி கிடக்கும். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய வாளி. கைப்பிடி எப்போதோ போய்விட, அதற்குப் பதிலாக அண்ணன் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார். அது அண்ணன் துணிக்கு மட்டுமான வாளி. வீட்டில் வேறு யார் துணியும் அதில் விழாது. அதில் விழுந்த துணி வேறு எந்த வாளிக்கும் வராது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. அண்ணனே தொடங்கி, நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட ஏற்பாடு அது.

அண்ணனுக்கு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை. பச்சைத் தோல் வந்து இறங்கி, ஊறி, முடி கழன்று, சதை வழிக்கப்படும் இடம். ஆம்பூர்க்காரர்களுக்குத் தோல் வாடை ஒரு பொருட்டில்லை. வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலை மூடும்போது நமக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் தொட்டிப் பக்கம் வேலை செய்கிறவர்கள் மேல் வருகிற வாடை எங்களுக்கே தெரியும். அண்ணன் வேலை முடிந்து வந்தால் வாசல் வழியாக வரமாட்டார். பக்கச் சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய், குளித்து, கழற்றியதை வாளியில் போட்டுவிட்டு, லுங்கியோடுதான் உள்ளே வருவார். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தின் உள்ளே உட்காராமல் சமையல் கூடத்துப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பார். பஸ்ஸில் இடம் இருந்தாலும் படிக்கட்டு ஓரம்தான். மூக்கைப் பொத்துகிறவர்களை அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பொத்தாமல், முகத்தை மட்டும் மெதுவாக வேறு பக்கம் திருப்பிக்கொள்கிற நாகரிகக்காரர்களைத்தான் அவரால் தாங்க முடியாது.

துவைப்பதிலும் ஒரு வரிசை இருந்தது. போர் தண்ணீரில் முதலில் அம்மா புடவை, பிறகு என் துணி, பிறகு போர்வை, பாய்விரிப்பு. இதையெல்லாம் அலசி மிஞ்சிய தண்ணீர் அண்ணன் வாளிக்குப் போகும். எங்கள் போர் தண்ணீரின் லட்சணம் ஊருக்கே தெரியும். சோப்பு தேய்த்தால் நுரைக்காது, திரியும். அதிலும் மூன்று கை கடந்து வந்த தண்ணீரில் அண்ணன் சட்டையில் என்ன போகும்? போகாது. நாளைக்கும் அதே தொட்டிக்குத்தானே போகப் போகிறது என்று விட்டுவிடுவோம். அம்மாவிடம் கேட்டால், எருமை மேய்க்கிறவனுக்கு எதற்குச் சலவைச் சட்டை என்பார். வேண்டுமென்று சொன்னதல்ல. அம்மா வாய் அப்படி.

இந்த வீட்டுக்குத்தான் அண்ணி குடியாத்தத்திலிருந்து வந்தார். தறிக்காரக் குடும்பம். இங்கே வந்த பிறகு ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தார். பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு ஜோடியையும் எடுத்து, தையலைப் பார்த்து, பசையை முகர்ந்து, சரியில்லை என்றால் ஒதுக்கிப் போடுகிற வேலை. அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. கத்தரிக்காயைக்கூட ஜோடி ஜோடியாகத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். அம்மா அவருக்கு வைத்த பெயர் 'செக்கிங் மேடம்'. அண்ணி செய்த எதையும் அம்மா வாய் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. சாம்பார் நன்றாக இருந்தால் 'பரவால்ல' என்பார். அதுதான் உச்சம்.

அண்ணன் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் முடிந்து வந்து, அப்பா ஏன் எப்போதும் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறார் என்று கேட்டாள். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் உள்ளே வந்து, அவரவர் பிள்ளையின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்களாம். அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். அண்ணி மறுநாள் காலை டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"ஒரு வாஷிங் மெஷின் வாங்கணும். அடுத்த மீட்டிங்குக்கு உங்கண்ணன் உள்ள போய் குந்தணும்."

வாஷிங் மெஷின் வாங்க ஊரில் ஆளுக்கொரு காரணம் இருக்கும். இடுப்பு வலி இருக்கும், பக்கத்து வீட்டில் வாங்கியிருப்பார்கள். இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மதியமாகப் பார்த்துப் போனோம். கடை முதலாளி தொழுகைக்குப் போயிருக்கிற நேரம், கூட்டம் இருக்காது. என் ஸ்கூட்டியில் முன்னால் ஒரு கேன் போர் தண்ணீர், அதை இரண்டு காலாலும் இடுக்கிக்கொண்டு நான் ஓட்டினேன். பின்னால் அண்ணி மடியில் கேரி பேக்குக்குள் கேரி பேக் போட்டு முடிச்சிட்ட அண்ணன் சட்டை. இதெல்லாம் எதற்கு என்று கேட்டதற்கு, கம்பெனியில் சாம்பிள் ஓகே ஆகாமல் ஆர்டர் ஓடுமா என்று திருப்பிக் கேட்டார். ஏசி போட்ட ஷோரூம். ஐம்பது வயது மதிக்கத்தக்க சேல்ஸ்மேன் ஒருவர் எழுந்து வந்து, எத்தனை கிலோ, எத்தனை ஸ்டார், எவ்வளவு கரண்ட் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முழு ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்றின் மேல் கை வைத்து, இது தண்ணீரை எங்கிருந்து எடுக்கும் என்றார். மாடி டேங்கிலிருந்து தானாக இழுத்துக்கொள்ளும் என்றார் அவர் பெருமையாக. எங்கள் மாடி டேங்கில் இருப்பது போர் தண்ணீர். அந்தத் தண்ணீரை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அண்ணி கையை எடுத்துவிட்டார்.

பிறகு, வாளியால் ஊற்றுகிற செமி ஆட்டோமேட்டிக் டெமோ மெஷின் முன்னால் போய் நின்று, கேரி பேக் முடிச்சை அவிழ்த்தார். ஏசிக் காற்றில் அந்த வாடை மூலைக்கு மூலை போனது. எனக்கு அங்கேயே தரையைப் பிளந்துகொண்டு போய்விடலாம் போல இருந்தது. ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மெதுவாக டிவி பக்கம் நகர்ந்தது. அண்ணி சேல்ஸ்மேனிடம், இந்தச் சட்டையை இந்தத் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள், வாடை போனால் இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் சட்டையைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எங்க வூட்லயும் ஒரு வாளி தனியாத்தாம்மா கெடக்குது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் விற்கப் பார்க்கவில்லை. சட்டையை வெறும் கையால் எடுத்துப் போட்டார். போர் தண்ணீரில் பவுடர் நுரைக்காமல் தயிர் திரிந்ததுபோல மிதந்தது. சுற்றி முடித்துப் பார்த்தால் சட்டை ஈரமாகியிருந்தது, அவ்வளவுதான். அண்ணி முகர்ந்துவிட்டு, கம்பெனியில் செய்வதுபோலவே, தலையை மட்டும் ஆட்டினார். ரிஜெக்ட். சேல்ஸ்மேன் யோசித்து, கடையில் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரைத் தூக்கி வந்து ஊற்றினார். அதே மெஷின், அதே பவுடர், நுரை விளிம்பு வரைக்கும் வந்தது. இந்த முறை அண்ணி இரண்டு தரம் முகர்ந்தார். முழுக்கப் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் போயிருந்தது. மீதிக்கு சேல்ஸ்மேனே வழி சொன்னார். முதல்நாளே வாஷிங் சோடாவில் ஊறவைக்க வேண்டும், தண்ணீர் கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும், பவுடர் ஜாஸ்தி போட்டால் அதுவே துணியில் தங்கி நாறும், சுற்றி முடித்ததும் மெஷினுக்குள்ளேயே விட்டு வைக்காமல் உடனே வெயிலில் போட வேண்டும். முழு ஆட்டோமேட்டிக் வாங்கியிருந்தால் அவருக்கு லாபம். நாங்கள் செமி ஆட்டோமேட்டிக் எடுத்துக்கொண்டு வந்தோம். எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்பது நம் கையில் இருக்க வேண்டும் என்பது அண்ணி கட்சி.

நல்ல தண்ணீர் என்றால் எங்கள் வீட்டில் தெருக்குழாயில் வருகிற காவேரித் தண்ணீர்தான். வருகிற அன்று டிரம்மில் பிடித்து வைத்து, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எடுப்போம். அதில் கை கழுவினாலே அம்மாவுக்குப் பொறுக்காது. அந்த டிரம்மிலிருந்து அண்ணி முகந்து மெஷினில் ஊற்றியதைப் பார்த்ததும் அம்மா வாசலில் நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"குடிக்கிற தண்ணிய எடுத்து அந்தத் துணிக்கா ஊத்தற? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"காய்ச்சக்காரனுக்குத்தான், அத்த, மாத்திர. நல்லாருக்கிறவங்களுக்கு இன்னாத்துக்கு?" என்றார் அண்ணி, முகந்த கையை நிறுத்தாமல்.

அன்றிலிருந்து வரிசை தலைகீழானது. முதலில், நல்ல தண்ணீரில், சூடாக, அண்ணன் துணி. அந்தத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, போர் தண்ணீரில் எங்கள் துணி. மதியத்துக்கு மேல் காற்று ஆற்றுப் பக்கமிருந்து திரும்பினால் டேனரி வாடை மாடிக்கே வந்துவிடும் என்று காலையிலேயே காயப்போட்டு, காற்று திரும்புவதற்குள் எடுத்துவிடுவார். அண்ணன் சட்டை பூவாக இருக்கும். உப்பேறிய என் சுடிதாரைத் தரையில் நிறுத்தி வைத்தால் அதுவாக நிற்கும். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அண்ணன் நம்பவில்லை. தனி வாளியையும் விடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு உள்ளே போக வேண்டும் என்று அண்ணி சொன்னபோது, அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

"என் மூக்குக்கு ஒண்ணும் தெரியாது, செத்துப்போச்சு. உனக்கு என்மேல ஆச, நாறலன்னுதான் சொல்லுவ. நான் யார நம்பி உள்ள போறது?"

அண்ணி எழுந்து போய் இரண்டு துண்டுகளோடு வந்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரித் துண்டுதான், அண்ணி வீட்டார் பொங்கலுக்குப் பொங்கல் கட்டுக்கட்டாக அனுப்புவது. ஒன்று அண்ணன் வேலைக்குத் தலையில் கட்டிக்கொண்டு போவது, காலையில் மெஷினில் துவைத்துக் காய்ந்தது; ஒன்று நான் தலை துவட்டுவது. இரண்டையும் மடித்து அம்மா மடியில் வைத்து, எது உங்கள் மகன் துண்டு, மோந்து பார்த்துச் சொல்லுங்கள் அத்தை என்றார். அண்ணன் பிசைந்த கை நின்றுவிட்டது. அம்மா அண்ணிக்காகப் பொய் சொல்லுகிற ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அம்மா ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை மூக்கருகே கொண்டுபோனதும் முகம் சுளித்துத் தூர எறிந்தார்.

"இதான் அவன் துண்டு. இன்னா வாட, த்தூ. காவேரித் தண்ணியெல்லாம் தெண்டம்."

அண்ணி குனிந்து, அம்மா மடியில் மிஞ்சியிருந்த துண்டின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு தையல். அண்ணன் துண்டு என்று அடையாளத்துக்கு அண்ணி போட்டது. தூரப் போய் விழுந்திருந்தது என் துண்டு. ஈரத்தலையைத் துவட்டிக் கதவில் மாட்டியே வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு அதற்கும் எனக்கொரு பாடம் நடந்தது. அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'பரவால்ல' என்றார்.

கூட்டத்தன்று அண்ணிக்கு பர்மிஷன் கிடைக்கவில்லை, ஷிப்மெண்ட் நாள். அண்ணனோடு நான்தான் போனேன். கேட்டருகே வழக்கம்போல அவர் கால் நின்றது. நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வகுப்பறை புழுக்கமாக இருந்தது. டீச்சர் எங்களைப் பார்த்ததும் எழுந்து ஃபேனைப் போட்டார். அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். ஃபேன் என்றால் அவருக்குப் பயம். வாடையை எல்லோரிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். அவர் என்னைப் பார்த்தார். ஃபேன் சுற்றியது. முன்னால் இருந்தவர்கள் பேசிக்கொண்டேயிருந்தார்கள், யார் முகமும் திரும்பவில்லை. டீச்சர் மார்க்கைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிய அண்ணன், கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாப்பா எந்த எடத்துல குந்துது டீச்சர்?"

ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்ச். போய் உட்கார்ந்தார், முழங்கால் இடித்தது. பக்கத்தில் அவர் மகள் உட்கார்ந்துகொண்டு, இவர் என் அப்பா என்று பின்பெஞ்சுப் பிள்ளையிடம் திரும்பிச் சொன்னாள். வாடை அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மழை நாளில் இன்றைக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வெளியே நின்றதில்லை. பின்னால் கிடந்த வாளியும் அடியில் விரிசல் விட்டு, பழைய சாமான்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

நான் காவேரிப்பாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டேன். என் வீட்டில் இருப்பது கண்ணாடிக் கதவு வைத்த மெஷின். துவைத்து முடித்தால் பாட்டுப் பாடும். போன மாதம் மாமியார் வீட்டு விசேஷத்துக்காக அண்ணன் முதல்நாளே வந்தார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் பஸ் தவறிவிடும் என்று டேனரியிலிருந்து நேராக வந்திருக்கிறார். வாசலில் நின்று கூப்பிடவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து நின்று, மெதுவான குரலில் கேட்டார்.

"வாளி ஏதாச்சும் இருக்குதாம்மா? பழசா இருந்தாலும் போதும்."

வாளி இல்லை அண்ணா, மெஷினில் போடு என்றேன். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, உள்ளே உன் மாமியார் புடவை இருக்கிறதே என்றார். இருந்தால் இருக்கட்டும் என்றேன். குளித்துவிட்டு வந்து சட்டையைத் தயங்கித் தயங்கி அவரே உள்ளே போட்டார். முதலில் ஊறவைக்காமல் போட்டதற்கு அண்ணி பார்த்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷின் எதிரில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய நீலச் சட்டையும் என் மாமியாரின் அரக்குப் புடவையும் கண்ணாடிக்குள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு சுற்றுவதை, பாட்டுப் பாடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறையில் மூன்று வாளிகள் இருந்தன. வாளி இல்லை என்று நான் சொன்ன பிறகு, அவர் அங்கேதான் குளித்துவிட்டு வந்திருந்தார்.