ரிப்பேருக்கு வந்த புகைப் பேனா

என் பையிலிருந்து கஞ்சாப் பொட்டலத்தை எடுத்து நாற்பது பேருக்குக் காட்டியவன், இரண்டு வருடம் கழித்து என் மேஜைக்கே வந்து ஒரு கஞ்சா மிஷினை ரிப்பேர் செய்து தரச் சொன்னான். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

அப்போது நான் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் இருந்தேன். கரண்ட் கம்பத்துப் பீங்கான், ஃபியூஸ் கட்டை எல்லாம் செய்கிற இடம். டிப்ளமோ முடித்துவிட்டுச் சூளைப் பக்கம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவன் என்னைவிட நாலு வயது மூத்தவன். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பில் பாதி அவனுக்குத்தான் போகும்.

சூப்பர்வைசர் வேலை காலியானது. முதலாளி என்னைத்தான் போடப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அந்த வாரமே ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி வந்தபோது அவன் எழுந்து நின்றான்.

"மொதலாளி, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு நாளா சூளைகிட்ட ஒரு வாடை வருது. எல்லார் பையையும் ஒருவாட்டி பாத்துடுங்க. மொதல்ல என் பையப் பாருங்க."

அவன் பையைப் பார்த்தார்கள். அடுத்தவன் பையைப் பார்த்தார்கள். மூன்றாவது என்னுடையது. டிபன் பாக்ஸுக்கு அடியில் நியூஸ்பேப்பரில் மடித்த பொட்டலம் இருந்தது. அவன்தான் அதை எடுத்துப் பிரித்து எல்லாருக்கும் காட்டினான், கஞ்சா. நான் அதுவரை பீடிகூடக் குடித்ததில்லை. அதைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அவன் என் தோளில் கைவைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எத்தன தடவ சொன்னேன் மாப்ள உங்கிட்ட, வுட்டுடுன்னு" என்றான்.

வேலை போனதைவிட அந்த ஒரு வார்த்தைதான் எனக்குச் செரிக்கவே இல்லை.

"உங்கம்மா மூஞ்சிக்காகப் போலீசுக்குப் போவாம வுடுறேன்" என்று முதலாளி அனுப்பிவைத்தார். சேத்தியாத்தோப்பில் எனக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. அவள் அப்பா எங்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அம்மா அழுது அடம்பிடித்து என்னைக் கோயில் ஹாலில் நடந்த போதை மறப்புக் கூட்டத்துக்கு அனுப்பினாள். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருப்போம். ஆலோசகர் ஒவ்வொருவராகக் கேட்பார்.

"நிறுத்தி எத்தன நாளாச்சு தம்பி?"

"நான் ஆரம்பிக்கவே இல்லீங்க."

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க."

இரண்டு வாரம் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் சலித்துப்போய், "நிறுத்திட்டேங்க" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்திலிருந்தவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்தது. நான் சொன்ன உண்மைக்கு வராத வெளிச்சம்.

அதற்குப் பிறகு எஸ்டேட்டில் எந்த யூனிட்டிலும் என்னைச் சேர்க்கவில்லை. செல்போன் ரிப்பேர் கற்றுக்கொண்டு, விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடை முன்பக்கம் மேஜை போட்டேன். கடைக்கார அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அந்த அக்கா மட்டும்தான் என்னிடம் பழைய கதையைக் கேட்காதவர்.

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். அக்கா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் உள்ளே வந்தான். சட்டைப்பையில் அந்த யூனிட்டின் அடையாள அட்டை. சூப்பர்வைசர் என்று போட்டிருந்தது.

"என்னா மாப்ள, எப்படி இருக்க?" என்றான், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவன் மாதிரி.

"சொல்லுங்க. என்னா ரிப்பேரு?"

சுற்றிலும் பார்த்துவிட்டு, குனிந்து காலுறைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். தடித்த பேனா மாதிரி, கறுப்பு நிறம், நடுவில் ஒரு பட்டன்.

"பெங்களூர்ல சொல்லி வரவழைச்சேன். நல்ல கம்பெனி சாமான் வாங்க முடியுமா நம்மால? இது சல்லிசு. ஒரு மாசம் நல்லா ஓடுச்சு. இப்ப லைட்டு எரியுது, சூடு ஏற மாட்டேங்குது."

"இது என்னா?"

அவன் சிரித்தான். "எங்கிட்டயேவா? உனக்குத் தெரியாததா மாப்ள? அதான் மத்தவன்கிட்டப் போவாம உங்கிட்ட வந்தேன்."

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் என்னை எரித்தது. தான் சொன்ன பொய்யை ஊரோடு சேர்ந்து அவனும் நம்ப ஆரம்பித்திருந்தான்.

அதை எடுத்துப் பிரித்தேன். மேல்மூடி காந்தத்தில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணம். வெள்ளைப் பீங்கான். பீங்கானைச் சூடு பண்ணி, அதில் வைக்கிற சரக்கை எரிக்காமல் ஆவியாக்கி இழுக்கிற ஏற்பாடு. கிண்ணத்தின் அடியில் முடி மாதிரி ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. பசை பிடித்துக் கறுத்திருந்ததைச் சுத்தம் செய்து, கம்பியைப் பற்றவைத்தேன். பத்து நிமிட வேலை. பேட்டரி சுமாரானது, மூடி லொடலொட என்று ஆடியது. ஆனால் பீங்கான் நல்ல பீங்கான்தான். எனக்கு அது தெரியும்.

"இழுத்துப் பாத்தாதான் தெரியும்" என்று அவன் அதே காலுறைக்குள்ளிருந்து ஒரு சின்ன ரப்பர் டப்பாவை எடுத்துத் திறந்தான். கஞ்சாவிலிருந்து எடுத்த சாறாம். தேன்மெழுகு மாதிரி கெட்டியாக, மஞ்சளாக இருந்தது. பேப்பர் பண்டல்கள் அடுக்கியிருந்த பின்பக்கத்துக்குப் போனோம். பட்டனை அமுக்கினான். விளக்கு பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியது. இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டு, "அடடா, கை ராசிக்காரன்டா நீ" என்றான். பிறகு என்னிடம் நீட்டினான்.

நான் ஏன் வாங்கினேன் என்று பிறகு நிறையத் தடவை யோசித்திருக்கிறேன். எதற்காக என் வாழ்க்கை போச்சோ, அது என்னவென்றாவது தெரிந்துகொள்கிறேனே என்று ஒரு வெறி. இழுத்தேன். பச்சைப் பிசினைக் கொளுத்தியது மாதிரி ஒரு காரம் நெஞ்சில் இறங்கியது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். அந்தக் கை பட்டபோது உடம்பு கூசியது.

கொஞ்ச நேரத்தில் நாக்கு வறண்டது. தகரக் கூரைமேல் மழை ஒவ்வொரு சொட்டாகத் தனித்தனியே கேட்டது. சுகம், மயக்கம் என்று சொல்கிறார்களே, எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. அந்தச் சாப்பாட்டு நேரம்தான் வந்தது, மெதுவாக, ஒவ்வொரு முகமாக. யார் யார் தலையைக் குனிந்துகொண்டார்கள், யார் சோற்றைப் பிசைவதை நிறுத்தவே இல்லை என்பதுவரை.

"அண்ணே" என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டேன். "அந்தப் பொட்டலம் உங்களுதா?"

"அது எதுக்கு இப்ப?"

"சும்மாதான் கேக்குறேன்."

அவனுக்கு உடம்பு தளர்ந்திருந்தது, சுவரில் சாய்ந்துகொண்டான். "என்னுதுதான். எனக்கு ரெண்டு புள்ளைங்க மாப்ள. நீ படிச்சவன், எங்க போனாலும் பொழைச்சிக்குவ. பாரு, பொழைச்சிக்கினல்ல?"

முன்பக்கம் என் மேஜைமேல் சால்டரிங் அயர்ன் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தேன். பிறகு மிஷினைப் பார்த்தேன்.

"மூடி ஆடுதுண்ணே. சரி பண்ணி வைக்கிறேன். நீங்க வர வேணாம், நாளைக்கு நானே கொண்டாந்து குடுக்கிறேன்."

"தங்கமானவன்டா நீ" என்று சொல்லிவிட்டு மழையிலேயே போனான்.

மறுநாள் மதியம் மணியடிக்கிற நேரம் பார்த்து யூனிட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் தயங்கினார். "சூப்பர்வைசர் சாமான் ரிப்பேரு, குடுத்துட்டுப் போயிடுறேன்" என்றதும் விட்டார். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். நான் நேராக அவனிடம் போனேன்.

"அண்ணே, நேத்து நீங்க ரிப்பேருக்குக் குடுத்த கஞ்சா மிஷினு. சரியாயிடுச்சு" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. பட்டனை அமுக்கிக் காட்டினேன். "பச்ச எரிஞ்சா சூடு ஏறுதுன்னு அர்த்தம். நீலம் வந்ததும் இழுக்கலாம். சரக்கு டப்பா உங்க சாக்ஸுலதான இருக்குது? வச்சி ஒருவாட்டி இழுத்துக் காட்டுங்க."

அவன் எழுந்திருக்க முயன்றான். சோற்றுக் கையோடு, "என்னா மாப்ள இது, விளையாடாத" என்றான். முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். வைத்த கண் வாங்காமல் பார்த்தேன்.

முதலாளி வந்து காலுறையைக் கழற்றச் சொன்னார். டப்பா கீழே விழுந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி என் பையில வச்சதும் இவருதான். நேத்து இவரு வாயாலயே சொன்னாரு" என்றேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதெல்லாம் இவ்வளவு தெளிவா சொல்றியே. நீ இழுத்துப் பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் நின்று ஒருமுறை உண்மை சொல்லி என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயில் உண்மைதான் வந்தது.

"பாத்தேங்க. நேத்து. மொத தடவ."

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். "மொத தடவயாமே" என்று ஒரு குரல் வந்தது. முதலாளி மிஷினை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார். இரண்டு பேரையும் ஒரே வார்த்தையில் அனுப்பினார்.

அவனுக்கு வேலை போனது. எனக்கு நல்ல பெயர் ஒன்றும் திரும்பி வரவில்லை. ரெண்டு கஞ்சாக்காரனுங்களும் சரக்குக்காக அடித்துக்கொண்டார்கள் என்றுதான் எஸ்டேட்டில் பேச்சு. பங்குச் சாமியார் காதுக்கும் போனது. அம்மா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "நீ நெஜமாவே இழுத்தியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப அன்னிக்கு?" என்றாள். "அன்னிக்கு இல்லம்மா." குழம்பை எடுத்து என் தட்டில் ஊற்றினாள். நம்பினாளா என்று நான் கேட்கவில்லை.

தை மாதம் அவன் மனைவி கடைக்கு வந்தாள். நான் யாரென்று தெரிந்தேதான் வந்தாள். டிஸ்ப்ளே உடைந்த போனை மேஜையில் வைத்தாள். அவன் இப்போது எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் செங்கல் லோடு ஏற்றப் போவதாகச் சொன்னாள். நான் குனிந்து வேலையைப் பார்த்தேன். போனை வாங்கிக்கொண்டவள் உடனே போகவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? இப்ப உங்க மனசு ஆறிடுச்சா?"

அவள் சண்டைக்கு வரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஜெராக்ஸ் அக்காகூட மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறிடுச்சுங்க" என்றேன், அன்றைக்குக் கூட்டத்தில் "நிறுத்திட்டேங்க" என்ற அதே குரலில்.

அவள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கி, பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்து போனாள்.