ஏழு மணிப் பச்சை வண்டி

உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்கள் உண்டு, ஓடி ஓடிச் சம்பாதிக்கிறவர்கள் உண்டு. ஓடுகிற வண்டிக்குள் நின்றபடியே சம்பாதிக்கிற பிறவி கண்டக்டர் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று பஸ், ஒரு ஷெட், ஒரு முதலாளி. எனக்கு வாய்த்தது பச்சை வண்டி. காலையில் எங்கள் பக்கத்து ஆத்தூரில் (சேலத்து ஆத்தூர் அல்ல) எடுத்து, செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் போக வேண்டும். செம்பட்டியில் ஏழு மணிக்கு நிற்க வேண்டும் என்று பெர்மிட் சொல்லும். நாங்கள் ஏழே காலுக்குப் போய் நிற்போம். எங்களுக்குப் பின்னாலேயே வத்தலக்குண்டிலிருந்து வேறொரு கம்பெனியின் சிவப்பு வண்டி வரும். அது எங்களை முந்திவிட்ட நாளில், செம்பட்டிக் கூட்டத்தை வழித்துத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

அந்தக் கால் மணி நேரம் எங்கே போகிறது என்று முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்குக் காத்து நின்று கால் கடுத்துப்போன வாசகர்களே, நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது போன இடத்தைச் சொல்கிறேன்.

ஒரு கால்

படிக்கட்டில் ஒரு கால் இருந்தால் வண்டி நகரக் கூடாது என்பது ஆத்தூரில் எழுதாத சட்டம். முத்துலட்சுமியக்கா தினமும் கத்தரிக்காய்க் கூடையை வண்டிக்குள் தள்ளிவிட்டு, வலது காலைப் படியிலும் இடது காலைத் தரையிலும் வைத்து நிற்பார். "அவுக வாராக" என்பார். அவுக என்றால் அவருடைய கணவர். வாராக என்றால் அவர் அப்போதுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்று அர்த்தம்.

சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒரு நாள் மரியாதையாகத்தான் சொன்னேன். "அக்கா, மேல ஏறி உக்காருங்க. எம்புட்டு நேரந்தான் இப்படி ஒத்தக் கால்ல நிப்பீங்க?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் மேல ஏறிட்டா நீ விசிலடிச்சுருவேல்ல தம்பி."

உப்பு

ஆத்தூர் நிறுத்தத்தை ஒட்டிய வீடு பாக்கியத்தம்மாவுடையது. அவர் மகனுக்குத் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை. மகன் அங்கேயே தங்கியிருந்தான். அம்மா சமைத்து டிபன் கேரியரை எங்கள் வண்டியில் ஏற்றிவிடுவார். கேரியருக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் வண்டியில் அதற்கு இருந்த மரியாதை டிக்கெட் வாங்கியவர்களுக்கு இருந்ததில்லை. டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் சூடாக உட்கார்ந்து வரும். ரசம் கொதிக்கவில்லை என்றால் கொதிக்கும்வரை வண்டி நிற்கும். "செத்த நேரம் இருங்கப்பா, தாளிச்சுட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கடுகு வெடிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்கும் என்பதால் பொய் என்று சொல்லவும் முடியாது.

மகன் தினமும் ஒரு குறை சொல்லி அனுப்புவான். அதையும் சுமந்துகொண்டு போவது கண்டக்டர் வேலை. ஒரு நாள், "வெஞ்சனத்துல உப்பே இல்லைன்னு எங்கம்மாட்ட சொல்லிருங்கண்ணே" என்றான். மறுநாள் காலை அப்படியே ஒப்பித்தேன். பாக்கியத்தம்மா கொஞ்சமும் அசரவில்லை.

"நான் வைக்கையில உப்பு சரியாத்தான் இருந்துச்சு. நீங்க வண்டிய ஓட்டுற ஓட்டுக்கு அம்புட்டும் அடியில எறங்கிருக்கும்."

துண்டு

இது சாயங்கால ட்ரிப்பில் நடந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக ஒரு நீலத் துண்டு வந்து விழுந்தது. துண்டு விழுந்த சீட்டில் ஆள் உட்காரக் கூடாது. அதுவும் எழுதாத சட்டம்தான். எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். வண்டி கிளம்பியும் துண்டுக்காரர் வரவில்லை. பின்னால் நிற்கிறார் போல என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிய ஒரு பெண்ணைக்கூட, "ஆளு இருக்கும்மா" என்று சொல்லி உட்கார விடவில்லை. நான் துண்டைத் தூக்கப் போனேன். அடுத்த சீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். துண்டு சௌகரியமாக உட்கார்ந்து வர, ஜனங்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள்.

செம்பட்டியில் வண்டி நின்றது. கீழே டீக் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் ஜன்னலில் கையை விட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் சிவப்பு வண்டியில் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டாராம். நான் ஆத்திரத்தோடு இறங்கி அவரிடம் போனேன். அவரே நிதானமாக விளக்கினார்:

"ரெண்டு வண்டிலயும் துண்டு போட்டேன் அப்பு. எது மொதல்ல கெளம்புதோ அதுல போவோம்னு."

புகார்

ஒரு நாள் முதலாளி ஷெட்டுக்குக் கூப்பிட்டார். ஆத்தூரிலிருந்து தினமும் வரும் ஒரு வாத்தியார் அவரை நேரில் பார்த்து, பச்சை வண்டி ஒரு நாளும் நேரத்துக்கு வருவதில்லை என்று புகார் சொல்லியிருக்கிறார். முதலாளி கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. "திங்கக்கெழமை நானே ஆத்தூர்ல ஏறி வாரேன். ஏழு மணிக்கு வண்டி செம்பட்டியில நிக்கல, பெர்மிட்ட செவப்பு வண்டிக்காரருக்கே குடுத்துருவேன். அவரு ரொம்ப நாளாக் கேக்குறாரு" என்றார்.

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பெர்மிட் போனால் வண்டி போகும், வண்டி போனால் நானும் டிரைவர் ஆரோக்கியம் அண்ணனும் தெருவில் நிற்போம். மறுநாள் வாத்தியார் ஏறியதும் கேட்டேவிட்டேன். "சார், நேத்துக்கூட நீங்க செருப்பு மாத்திட்டு வர்ற வரைக்கும் நின்னோமே. நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு நின்னதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே. மத்தவங்களுக்கும் நிக்கிறீங்கள்ல, அதான் புகார்."

ஆரோக்கியம் அண்ணன்

ஆரோக்கியம் அண்ணன் பேசுவதைவிட ஹாரன் அடிப்பது அதிகம். பெர்மிட் விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு ட்ரிப் முழுக்க யோசித்தேன். மூன்று பிள்ளைகளின் படிப்பு அவர் தலையில் இருந்தது. கடைசியில் டீக்கடையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கவிழ்த்துவிட்டு, எங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"செவப்பு வண்டியில பிரேக்கு நல்லா இருக்குமாம்" என்றார்.

முதலாளி வந்த திங்கட்கிழமை

ஆத்தூரில் வீடு வீடாகச் சொல்லி வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஊர் என்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. திங்கட்கிழமை விடிவதற்குள் எல்லாரும் நிறுத்தத்தில் இருந்தார்கள். முத்துலட்சுமியக்காவின் கணவர் முதல் ஆளாக நின்றார். குளிக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. பாக்கியத்தம்மா ரசத்தை ராத்திரியே வைத்துவிட்டார். வாத்தியார் செருப்பை முதல் தடவையிலேயே சரியாகப் போட்டு வந்திருந்தார். முதலாளி முன் சீட்டில் உட்கார்ந்தார். கோயிலுக்குள் போவது மாதிரி வரிசையாக ஏறினார்கள். முத்துலட்சுமியக்கா இரண்டு காலையும் படியில் வைத்து ஏறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏழு அடிக்கும்போது வண்டி செம்பட்டியில் நின்றது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வெளியே பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லை. ஒரு நாய் மட்டும் எழுந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அதுவும் எங்களை ஏழே காலுக்குத்தான் எதிர்பார்த்திருக்கும். தாமதம் ஆத்தூரில் என்பதால் ஆத்தூரில் மட்டும் சொல்லியிருந்தேன். செம்பட்டியில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எங்கப்பா ஆளுக?" என்றார் முதலாளி.

"ஏழே காலுக்கு வருவாங்க முதலாளி."

"ஏழு மணி வண்டிக்கு ஏழே காலுக்கு எதுக்கு வர்றாங்க?"

ஆரோக்கியம் அண்ணன் திரும்பாமலே, "நாம எப்ப வருவோம்னு அவகளுக்குத் தெரியும் முதலாளி" என்றார். முதலாளிக்கு முகம் இறுகிவிட்டது. "நேரம் நேரந்தான், எடு" என்றார். செம்பட்டியில் ஒருவரும் ஏறாமல், பாதி சீட் காற்று வாங்கிக்கொண்டு போனது. பெர்மிட் போய்விட்டது என்றே நான் முடிவு செய்துவிட்டேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இறங்கி நின்ற கொஞ்ச நேரத்தில் சிவப்பு வண்டி வந்தது. மேலேயும் ஆள், படியிலும் ஆள். அத்தனையும் எங்கள் செம்பட்டி முகங்கள். அதிலிருந்து செபஸ்தியம்மா பூ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். தினமும் நாங்கள் அவரைப் பூ மார்க்கெட் வாசலிலேயே இறக்கிவிடுவோம். சிவப்பு வண்டி அங்கே நிற்காது. அவர் மூட்டையோடு நேராக எங்களிடம் வந்தார். முதலாளியை அவருக்குத் தெரியாது. வெள்ளைச் சட்டையைப் பார்த்து, புதுசாக வந்த செக்கர் என்று நினைத்துவிட்டார். மூட்டையை முதலாளியின் காலடியில் பொத்தென்று போட்டார்.

"ஏய்யா, ஏழு மணி வண்டின்னு சொல்லிட்டு ஏழு மணிக்கே எடுத்துட்டுப் போனா, மனுச மக்க எப்படி வந்து ஏறுறது? நம்பித்தானே வாரோம்?"

பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நீலத் துண்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் நின்று, "இப்படி நேரங்கெட்ட நேரத்துல வந்தா நாங்க எந்த வண்டிய நம்புறது?" என்றார். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சிவப்பு வண்டியைப் பார்த்தார், எங்கள் வண்டியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குரலை இறக்கி என்னிடம் சொன்னார்:

"நாளையிலருந்து செம்பட்டிக்குக் கரெக்டா ஏழே காலுக்கு வந்துரணும். ஒரு நிமிசம் முந்துனாலும் சீட்டக் கிழிச்சுருவேன்."

எனக்கு மகள் பிறந்தபோதும், ஆரோக்கியம் அண்ணனின் பிள்ளைகள் படித்து முடித்தபோதும் அந்த ட்ரிப் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பதால் சொல்கிறேன்: நேரம் தவறாமை நல்ல குணம்தான், ஆனால் அதை ஊரோடு சேர்ந்துதான் கடைப்பிடிக்க வேண்டும், பஸ் மட்டும் தனியாகக் கடைப்பிடித்தால் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும்.