பொன்னிற ஸ்பிரே அடித்த கதிரைகள்

கெல்சென்கிர்ச்சனில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த ஜெர்மன் கிழவியிடம் ஆறு கதிரைகள் இருந்தன. அமெரிக்காவில் செய்த பழைய மஹோகனிக் கதிரைகள். அவளுடைய பாட்டன் அங்கே பிழைக்கப் போய், பிழைக்கத் தெரியாமல் திரும்பியபோது கொண்டுவந்தவை. பின்கால்கள் வாள் போல வளைந்திருக்கும். முதுகில் யாழ் செதுக்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் என் மனைவிக்கு ஆசை வந்தது.

கிழவிக்குச் சாமான் வாங்கிக் கொடுத்ததும் டாக்டரிடம் கூட்டிப்போனதும் மனைவிதான். மியூனிக்கில் இருந்த மகன் எட்டியும் பார்க்கவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போவதென்று முடிவானதும் கிழவி இரண்டு கதிரைகளை எங்களுக்குத் தந்தாள். மிச்சம் நாலையும் போகிற அன்று தருவதாகச் சொன்னாள். ஆறும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இடையில் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வந்தது. மேடை அலங்காரம் மனைவியின் அண்ணன் பொறுப்பு. எங்கள் ஆட்களுக்கு மேடை என்றால் எல்லாம் தங்கமாக மின்ன வேண்டும். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் இரண்டு கதிரைகளையும் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மண்டபத்துக்குள் நுழைந்தபோது இரண்டும் பொன்னிறத்தில் நின்றன. யாழின் நரம்புகளுக்கிடையில் பெயின்ட் கட்டிபட்டுக் கிடந்தது.

"இதென்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?"

"ஏன் மச்சான், வடிவாத்தானே இருக்கு? கறுத்துப்போய், செத்தவீட்டுக் கதிரை மாதிரியெல்லோ கிடந்தது."

"தந்த மனுசி முன்வரிசையில இருக்கப்போறா."

"இருக்கட்டும். புதுசாக்கிக் குடுத்திருக்கிறமெண்டு சந்தோசப்படுவா."

சனம் நிறைந்திருந்ததால் அவன் தப்பினான்.

கிழவி பூங்கொத்தோடு வந்தாள். மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தட்டில் வைத்த இரண்டு வடையையும் முழுதாகத் தின்றுவிட்டுப் போனாள்.

இல்லத்துக்குப் போகிற அன்று, நாலு கதிரைகளையும் மகன் எடுத்துக்கொள்வான் என்றாள். மனைவி குசினிக்குள் போய் அழுதாள். நான் கிழவியைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.

அடுத்த நாள் மகன் வந்து வீட்டை வெறுமையாக்கினான். பின்னேரம் நான் வேலையால் வந்தபோது தெருவோரத்தில், நகராட்சி வண்டி அள்ளிப்போகும் குப்பையோடு, பழைய மெத்தைக்குப் பக்கத்தில் நாலு கதிரைகளும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. ஏன் என்று அவனைக் கேட்டேன்.

"என் வீட்டுக்கு இது பொருந்தாது" என்றான்.

கதிரைகளை மேலே தூக்கிக்கொண்டு போனேன். மனைவி துணியால் துடைத்தாள். அவளுடைய அண்ணன் வந்து பார்த்தான்.

"இந்த நாலுக்கும் அடிச்சுவிட்டா செட்டாகியிடும், மச்சான்."

"கை வைச்சுப் பாரும். முறிச்சுப்போடுவன்."

பிறகு கிழவியைப் பார்க்கப் போனோம். மகன் கதிரைகளை எங்கே வைத்திருக்கிறான் என்று கேட்டாள். மனைவி என் காலை மிதித்தாள். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது.

"குப்பையில் போட்டான். எடுத்துவந்துவிட்டேன். ஆறும் எங்களிடம் இருக்கின்றன."

கிழவி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாதி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொன்னிறக் கதிரைகள் இரண்டையும் சுவர்ப்பக்கமாகப் போடுங்கள்."

சுவர்ப்பக்கமாகத்தான் போட்டிருக்கிறோம்.