தைலம்மாளின் மேல்வரிசை

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது நான்தான். பெயர் ஜெயசுதா. பல் செட் கட்ட கள்ளக்குறிச்சிக்கு வருகிறவர்களைக் கண்டாலே எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வரும். ஒரே பெஞ்சில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பன்னிரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். ஊரில் தனக்கு மட்டும்தான் பல் போய்விட்டது என்பது ஒவ்வொருவருடைய நினைப்பு. பக்கத்தில் இருப்பவர் என்ன, வாழைப்பழம் வாங்கவா வந்திருக்கிறார்?

தைலம்மாளும் அப்படித்தான் வந்தாள். களமருதூர்க்காரி, நாற்பத்தெட்டு வயது, நடவு வேலை. உளுந்தூர்பேட்டையிலேயே பல் டாக்டர் இருக்கிறார். அங்கே போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று இரண்டு பஸ் மாறி இங்கே வந்திருந்தாள். அவளை வாய் திறக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மேல்வரிசையில் முன்பல் ஆறும் இல்லை. வலிக்கிற பல்லைக் காப்பாற்ற நாலு நடை வர வேண்டும். பிடுங்க ஒரே நடை. அப்படியே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஆறு வருடமாக முந்தானையால் வாயை மூடியே பேசுகிறாள்.

அதில்தான் வினை வந்தது. மகள் செவ்வந்தியைப் பெண் பார்க்க எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்தார்கள். செவ்வந்திக்கும் பையனுக்கும் பிடித்துப்போய்விட்டது. தைலம்மாள்தான் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. பையனின் அப்பா வீரமுத்துவும் உர்ரென்று உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பெண்ணின் அம்மா முகமே கொடுக்கவில்லை, யோசித்துச் சொல்கிறோம் என்று மறுநாள் தகவல் வந்தது. வியாழக்கிழமை நடக்க வேண்டிய நிச்சயம் அந்தரத்தில் நின்றது. எப்படியாவது பல்லைக் கட்டிக்கொண்டு போய் அவர்கள் எதிரில் ஒரு தடவை சிரித்துவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

உள்ளே அனுப்பினேன். முதல் நாற்காலியில் ஒருத்தர், அளவெடுக்கிற ரோஸ் மாவை வாய் நிறைய வைத்துக்கொண்டு மல்லாந்திருந்தார். மூன்று நிமிஷம் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தைலம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். வீரமுத்துவேதான்.

அவருக்கும் கண் பிதுங்கியது. ஓடவும் முடியாது, வாயை மூடவும் முடியாது. தைலம்மாளின் கை முந்தானைக்குப் போய்ப் பாதியில் நின்றது. பிறகு சிரித்தாள் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட. அவருக்கு வயிறு குலுங்கி, மாவு தாடையெல்லாம் வழிந்தது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, விஷயம் தெரியாமலேயே பொத்திய கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். அத்தனை பேருடைய பல்லையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குத்தான் தேறும். நானும் டோக்கனையெல்லாம் கீழே கொட்டிவிட்டேன்.

தைலம்மாள்தான் முதலில் பேசினாள். "எனக்கு முன்னால ஆறு பல்லு இல்லண்ணே. அதான் அன்னிக்கு வாயத் தொறக்கல. உங்க வூட்டுக்குப் பொண்ணு குடுக்க மனசு இல்லாம இல்லிங்க."

வீரமுத்து மாவைத் துப்பினார். "எனக்கு மேல ஒண்ணுமே இல்லம்மா. நீங்க சிரிக்கலன்னதும், எங்கள கம்மியா நெனச்சிக்கினு இருக்கீங்கன்னு நெனச்சிட்டேன்."

பல் செட் தயாராக இரண்டு வாரம் ஆகும் என்றார் டாக்டர். அதுவரை நிச்சயத்தைத் தள்ளிவைக்கலாமா என்று வீரமுத்து கேட்டார்.

"இன்னாத்துக்கு? வியாழக்கெழமயே வாங்க சம்மந்தி. பல்லு இல்லாமயே சிரிப்போம்" என்றாள் தைலம்மாள்.

அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. வீரமுத்து கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"செவ்வந்தி, மாமா பேசறேன்மா" என்றார்.