அப்பாவின் தட்டில் கருவாடு

இன்னும் கோபம் அடங்கவில்லை.

சண்டையில் மூடிக் கிடந்த பாதை திறந்த பிறகு முதல் தடவையாக இன்று அப்பாவோடு பழுகாமத்துக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு; பிரஷரும் உண்டு. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பு. அதனால் விடிய எழும்பி, சீனிக்கு நல்லதென்று குரக்கன் பிட்டும், கொறுக்காய்ப்புளியும் மிளகும் கறிவேப்பிலையும் தூக்கலாகப் போட்ட மீன் கறியும் சமைத்து, பெட்டியில் போட்டுக் கொண்டு போனேன். உப்பு ஒரு சிட்டிகைதான். வாசம் பஸ்ஸெல்லாம் மணத்தது.

சித்தப்பா அந்தப் பெட்டியைத் தள்ளி வைத்தார்.

"என்ன புள்ள, எங்கட வீட்டில நோயாளிச் சாப்பாடா? ஒருநாளைக்குத் திண்டா ஒண்டும் செய்யாது."

அப்பாவின் தட்டில் வெள்ளைச் சோறும் கருவாட்டுக் கறியும் குவிந்தன. மறுக்கத் தெரியாத அப்பா கையை வைத்தார். நான் தட்டைப் பறித்தேன்.

"அம்மாவக் கடல் கொண்டு போயித்து. அண்ணனச் சண்டை கொண்டு போயித்து. இவர உங்கட கருவாட்டுக்குக் குடுக்க மாட்டன், சித்தப்பா."

அப்பா என் பெட்டியைத் திறந்து, ஒரு பிடி மிச்சம் விடாமல் சாப்பிட்டார்.

புறப்படும்போது சித்தி குசினிக்குள் கூப்பிட்டு, "அந்தக் கறிக்கு என்னென்ன போட்டாய்?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கும் சீனியாம். சித்தப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

மரியாதை தெரியாதவள் என்று ஊரெல்லாம் என்னைச் சொல்லும். சொல்லட்டும். உங்கள் வீட்டில் அன்பால் ஆளைக் கொல்லுகிறவர் யார்?