நான் புளிக்கவைத்த திராட்சை கெஃபிர்

காலை ஒன்பதே காலுக்கு என் மகனின் வாயில் கள் வாடை அடித்தது. குடியை விட்டு, ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டிருந்தவன்.

"மாலையோட குடிச்சிட்டு வந்து நிக்கிறியா?" என்று அறைந்தேன்.

"இல்லம்மா, நீ வெச்ச ஜூஸ்தான்..."

முடிக்கவிடாமல் மாலையைக் கழற்றச் சொன்னேன். கழற்றி முருகன் படத்தடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சமையலறையில் பாதி காலியான பாட்டில் இருந்தது. அவன் வயிற்றுக்கு நல்லதென்று, பாலைக் கெஃபிராக, தயிர்போன்ற பானமாகப் புளிக்கவைத்து, திராட்சைச் சாறு கலந்து நான் மூடியது. ஃபிரிட்ஜில் வைக்க மறந்ததால், வெக்கையில் பொங்கியிருந்தது. திறந்ததும் அதே வாடை.

அவன் போனை எடுக்கவில்லை. நானே அவனைப் பழையபடி சாராயக் கடைக்குத் துரத்திவிட்டேனோ என்று வாசலிலேயே காத்திருந்தேன்.

மதியம் வந்தான். நெற்றியில் மலைக்கோயில் விபூதி. உள்ளே வராமல் படியிலேயே நின்றான்.

"ஊதிக் காட்டட்டுமாம்மா? மோந்து பாத்துட்டு உள்ள வுடு."