ஹேண்ட் பிரேக்கை இழுத்தது நான்தான்

அப்பா கையை உடைத்துக்கொண்டது குளியலறையில். பதினைந்து வருடம் குன்னூர் மலைப்பாதையில் வேன் ஓட்டி ஒரு கீறல்கூடப் படாத மனிதர், சோப்பை மிதித்து விழுந்தார். கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடிந்து, ஒரு மாதம் பெரியப்பா வீட்டில் படுத்திருந்தார். எஸ்டேட் பிள்ளைகள் ஒன்பது பேரைக் குன்னூர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்லும் வேலை அம்மாவிடம் வந்தது. அம்மாவிடம் லைசென்ஸ் இருந்தது. ஓட்டுவதற்காகத்தான் அவள் அதை வாங்கினாள் என்பது அதுவரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வேனுக்கு என்னைவிட நாலு வயது அதிகம்.

இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிரேக் போடும்போதெல்லாம் பின் சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து கத்தினார்கள். அம்மா கியரைக் குறைத்து ஊர்ந்து வந்தாள். எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகுதான், "பிரேக் ஷூ தேஞ்சு போச்சு" என்றாள். சக்கரத்தின் டிரம்முக்குள் இருந்துகொண்டு, மிதித்ததும் விரிந்து உரசி வண்டியை நிறுத்துகிற இரண்டு வளைந்த துண்டுகள் அவை.

மெக்கானிக் கூடலூருக்கு மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் வருவாராம். திங்கள் காலை ஏழரைக்கு வேன் போய் நின்றாக வேண்டும். ஒரு நாள் வரவில்லையென்றால் பிள்ளைகளை வேறு ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போன பிள்ளை திரும்பி எங்கள் வேனுக்கு வராது. அந்தப் பிரேக்கோடு ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பாவிடம் சொன்னால் கட்டுப் போட்ட கையோடு பஸ் ஏறி வந்துவிடுவார். ஆகவே அம்மா அவரிடம் மூச்சு விடாமல், சனிக்கிழமை பஸ்ஸில் போய்ப் புது ஷூ செட் வாங்கி வந்தாள். அப்பா இந்த வேலையைச் செய்தபோதெல்லாம் பக்கத்தில் டார்ச் பிடித்தவள் அவள். டார்ச் பிடிப்பவர்களுக்கும் கண் உண்டு என்று அப்பா யோசித்ததில்லை.

ஞாயிறு காலை, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு முன்னால் சமமான இடம் பார்த்து வேனை நிறுத்தினாள். எங்கள் பக்கத்தில் சமமான இடம் என்றால் கொஞ்சம் குறைவாகச் சரிந்த இடம். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தாள், கியரில் போட்டாள், ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள்.

"சீட்டுக்கு அடியில டூல்ஸ் பை இருக்குது, எடுத்துட்டு வா கண்ணு."

இங்கேதான் என் சாமர்த்தியம் வருகிறது. மலையில் வளர்ந்த டிரைவர் வீட்டுப் பிள்ளைக்கு, நின்ற வண்டியில் ஹேண்ட் பிரேக் கீழே கிடந்தால் கை சும்மா இருக்காது. பால் பொங்குவதைப் பார்த்தவள் அடுப்பை அணைப்பதுபோல, இரண்டு கையாலும் அதை இழுத்துவிட்டுப் பையோடு இறங்கினேன். அம்மா மறந்துவிட்டாள், நல்லவேளை நான் பார்த்தேன் என்று பெருமை வேறு. ஹேண்ட் பிரேக் பிடிப்பது அதே பின் சக்கர ஷூக்களைத்தான், அது பிடித்திருக்கும்வரை டிரம் கழலாது என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, சக்கரத்தைக் கழற்றினாள். டிரம் வரவில்லை. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினாள். மண்ணெண்ணெய் விட்டுவிட்டு மறுபடி தட்டினாள். பகல் ஒரு மணி ஆயிற்று. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு தட்டினாள்.

தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிற பக்கத்து வீட்டு மாமா டீ டம்ளரோடு வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, ஹேண்ட் பிரேக்கை எறக்கிட்டீங்களா?"

"அதெல்லாம் மொதல்லயே எறக்கிட்டேனுங்ணா."

"அப்ப துருதானுங்க. உங்களால ஆகாதுங்க. செவ்வாக்கெழமை ஆளு வரட்டும்."

"ஆகுங்ணா" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

டிரம் ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாமா நிற்கும்போது சொன்னால் மானம் போய்விடும். அவர் டீயை ஒவ்வொரு சொட்டாகக் குடித்து முடித்துப் போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அதை நாந்தான் இழுத்து வுட்டேன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சுத்தியல்தான் விழுந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. அது சிரிப்பினால்தானா என்று நான் கேட்கவில்லை. "நல்ல பழக்கந்தான் சாமி. இன்னைக்கு மட்டும் வேண்டாம்" என்றாள்.

பிரேக்கை இறக்கியதும் நாலு தட்டில் டிரம் கையோடு வந்தது. ஷூவில் இரும்பைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அதைக் கழற்றுவதற்கு முன், எது எங்கே இருந்தது என்று மறக்காமலிருக்க ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். கறுப்புத் தூசியை என்னை ஊத விடாமல் ஈரத்துணியால் துடைத்தாள். ஒரு ஸ்பிரிங் தெறித்துத் தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தது. அரை மணி நேரம் தவழ்ந்து அதைக் கண்டுபிடித்தவள் நான். செய்த குற்றத்துக்குச் சரியாகிவிட்டது என்று மனதுக்குள் கழித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் முடிய ஐந்து மணி ஆனது.

தேயிலை பாக்டரிக்குப் போகும் இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள் அம்மா. நான் முந்திக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ எறங்கு."

"ஏம்மா?"

"எறங்குன்னா எறங்கு."

என்னை ரோட்டின் மேல்பக்கம் நிற்க வைத்து, ஃபோனைக் கையில் கொடுத்தாள். "அப்பா கூப்பிட்டா, அம்மா டீ போட்டுட்டு இருக்குதுன்னு சொல்லு. பத்து நிமிசத்துல நான் வரலீன்னா பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிடு."

வேன் முதல் கியரில் ஊர்ந்து இறங்கியது. பின்னால் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. கீழே பள்ளம் தெரிகிற வளைவுக்கு முன்னால் போய் நின்றது. நான் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை, கல்லை உதைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் பூரித்திருந்தது.

"புடிக்குது கண்ணு, நல்லாப் புடிக்குது! ஏறு, ஒரு ரவுண்டு போலாம்."

"ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். திங்கள் காலை ஏழரைக்கு ஒன்பது பிள்ளைகளும் ஏறினார்கள். நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை வரை அம்மாவோடு பேசவில்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்ததற்குத் தண்டனையாகத்தான் என்னை இறக்கிவிட்டாள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். தான் பூட்டிய பிரேக்கை அந்த இறக்கத்தில் முதல்முறை மிதிக்கும்போது, வண்டியில் தன்னைத் தவிர யாரும் இருக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.